பங்களாத் தோட்டத்திலிருந்து லயத்து அடுப்புக்கு: இலங்கையில் லீக்ஸ் கறியின் வரலாறு

ஒரு பொருளின் பெயர் அப்பொருளின் வரலாற்றையும் சுமந்து நிற்பதுண்டு. இலங்கைத் தமிழர் நாளாந்தம் வழங்கும் மரக்கறிப் பெயர்கள் சிலவற்றை நோக்கின் இவ்வுண்மை புலனாகும். ‘கோவா’ என்பது போர்த்துக்கீசச் சொல்லின் வழிவந்தது. ‘போஞ்சி’ ஒல்லாந்தச் சொல்லொன்றின் திரிபு. ‘லீக்ஸ்’, ‘கரட்’, ‘பீற்றூட்’ ஆகியன ஆங்கிலம் தந்தவை. மூன்று ஐரோப்பிய ஆட்சிகளும் சந்தைக் கூடையில் தத்தம் சுவடுகளை இவ்வாறு விட்டுச் சென்றுள்ளன.

இவற்றுள் லீக்ஸ் என்னும் பெயர் தனித்து நோக்கற்பாலது. ஆங்கிலத்தில் ‘லீக்’ என்பதே ஒருமை, ‘லீக்ஸ்’ பன்மை. தமிழரும் சிங்களவரும் பன்மை வடிவத்தையே பொருளின் பெயராகக் கொண்டனர். ‘ஒரு லீக்ஸ்’ என்று கூறுவதில் இன்று எவருக்கும் தடையில்லை. நூல்வழி வந்த சொல்லாயின் இலக்கணம் அறிந்தோர் இதனைத் திருத்தியிருப்பர். தோட்டத்திலும் சந்தையிலும் காதால் கேட்டு எடுத்துக்கொள்ளப்பட்ட சொல் இது என்று கொள்வதே பொருத்தமாகும். இச்சொல்லைப் போன்றே இக்காய்கறியைச் சமைக்கும் முறையும் ஏட்டிலிருந்து வந்ததன்று. லீக்ஸை இந்நாட்டிற் பயிரிட்டவர் யார் என்பதை ஏடுகளிலிருந்து ஓரளவு அறியலாம். அதனை இந்நாட்டுக் கறியாக்கியவர் யார் என்ற வினாவுக்கு அடுப்படியே விடை தருதல் வேண்டும். அவ்விடையைத் தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழைய உலகின் சமையலில்

லீக்ஸ் வெங்காயத்துக்கும் உள்ளிக்கும் உறவான பயிர். ஆயினும் அவற்றைப் போன்று உருண்ட குமிழை இது தருவதில்லை. இலைகளின் அடிப்பகுதிகள் ஒன்றையொன்று இறுகச் சுற்றி வெண்டண்டாகின்றன. மேற்பகுதி பச்சை இலைகளாக விரிகின்றது. பயிரின் அடியில் மண் அணைத்து வெயில் படாது மறைப்பதால் வெண்டண்டு நீளும். இச்செயன்முறையே லீக்ஸின் மடிப்புகளுக்குள் மண் புகுவதற்கும் காரணமாகும். லீக்ஸை நெடுக்காகப் பிளந்து, மடிப்புகளை விரித்துப் பலமுறை கழுவவேண்டும் என்று இல்லத்துப் பெண்கள் வற்புறுத்துவதன் காரணமும் இதுவே.

மனிதன் எழுதிவைத்த சமையற் குறிப்புகளுள் மிகப் பழையனவற்றிலேயே லீக்ஸ் இடம்பெற்றுள்ளது. மெசொப்பொத்தேமியாவிற் கிடைத்த, ஏறத்தாழ கி.மு. 1750 ஐச் சார்ந்த களிமண் ஏடுகளில் இறைச்சிக் குழம்புகளுக்கு லீக்ஸும் உள்ளியும் சேர்க்கப்படுவதைக் காணலாம். எகிப்தை விட்டு நீங்கிய இஸ்ரவேலர் பாலைவனத்தில் நினைந்து ஏங்கிய உணவுகளுள் இதுவும் ஒன்றென விவிலியத்தின் எண்ணாகமம் கூறுகின்றது. உரோமரின் சமையல் நூலான அப்பிசியசில் லீக்ஸை எண்ணெயும் உப்பும் இட்டு அவித்துப் பரிமாறும் முறை காணப்படுகின்றது. 1390 ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் அரசவைச் சமையலாளர் தொகுத்த நூலிலோ வெண்டண்டைப் பிளந்து வைனிலும் எண்ணெயிலும் வேகவைத்து, வாட்டிய உரொட்டியின் மேல் ஊற்றும் உணவு விவரிக்கப்பட்டுள்ளது. கோழியையும் லீக்ஸையும் சேர்த்துக் காய்ச்சும் சூப்பு ஸ்கொத்லாந்தின் மரபுணவாகும். உருளைக்கிழங்கு ஐரோப்பாவிற் பரவிய பின்னர் அதனையும் லீக்ஸையும் இணைத்துக் காய்ச்சிய சூப்பு பிரான்சிய இல்லங்களின் அன்றாட உணவாயிற்று.

ஐரோப்பிய சமையலில் வெண்டண்டே பெருமதிப்புப் பெற்றது. பச்சை இலை கடினமானது என்று கழிக்கப்பட்டது, அல்லது சூப்பின் சாற்றுக்கு மட்டும் பயன்பட்டது. மென்மையான வெண்டண்டை நீளச் செய்வதற்காகவே மண் அணைக்கும் உழைப்பு முழுவதும் செலவிடப்பட்டது. இலங்கையில் இவ்வழக்கத்துக்கு நேர்ந்த மாற்றமே இவ்வரலாற்றின் மையமாகும்.

நுவரெலியாவுக்கு வந்த விதை

6,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்த நுவரெலியாச் சமவெளியை 1819 இல் வைத்தியர் யோன் டேவி கண்டு எழுதினார். அடுத்த பத்தாண்டுக் காலத்தில், தேசாதிபதி எட்வேட் பாண்ஸின் ஊக்கத்தால், அது நோயுற்ற ஆங்கிலேயர் உடல்நலம் தேறும் இடமாயிற்று. 1848 இல் சாமுவேல் பேக்கர் தம் சகோதரரோடும் குடியேற்றவாசிகள் சிலரோடும் அங்கு வந்து, ஆங்கில நாட்டுப் பண்ணையொன்றை அவ்வாறே பெயர்த்து நடுவதற்கு முயன்றார். கால்நடையும் விதையும் கலப்பையும் கப்பலில் வந்தன. முதற்கட்ட முயற்சி இடர் நிறைந்ததாயிருந்தது. உருளைக்கிழங்கைப் புழுக்கள் அழித்ததையும் தானியப் பயிரைக் காட்டு விலங்குகள் தின்று தீர்த்ததையும் பேக்கரே 1855 இல் வெளியிட்ட நூலில் விவரித்துள்ளார். அவ்வாண்டிலேயே அவர் இலங்கையை விட்டு நீங்கினார். ஆயினும் குளிர்நாட்டு மரக்கறிகள் மலைநாட்டில் நிலைத்துவிட்டன. 1861 இல் சிங்கோனாச் செய்கைக்காக ஹக்கலையில் நிறுவப்பட்ட தாவரத் தோட்டம் பிற்காலத்தில் குளிர்வலயத் தாவரங்களைப் பேணும் இடமாயிற்று.

கோப்பித் துரைமாரினதும், பின்னர் தேயிலைத் துரைமாரினதும் பங்களாக்களுக்கு அருகில் மரக்கறித் தோட்டம் அமைந்தது. துரைமாருட் பலர் ஸ்கொத்லாந்தினர். 1867 இல் லூல்கந்துரையில் தேயிலையை வர்த்தக நோக்கிற் பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலரும் அந்நாட்டவரே. தம் தாயகத்து உணவின் மீது அவர்கள் கொண்ட ஏக்கத்தை மலைநாட்டு மண் ஓரளவு தணித்தது. எனினும் அத்தோட்டங்களைக் கொத்தியவரும் மண் அணைத்தவரும் நீர் ஊற்றியவரும் அவர்களல்லர். தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து கங்காணிமாரால் அழைத்து வரப்பட்ட தொழிலாளரே அவ்வேலைகளைச் செய்தனர். பங்களாச் சமையலறையில் ‘அப்பு’ என்று அழைக்கப்பட்ட சமையற்காரர் வெள்ளைச் ‘சோஸ்’ ஊற்றி லீக்ஸைப் பரிமாறியிருத்தல் கூடும். அம்மேசையைப் பற்றி எழுதியோர் உளர். பங்களாவுக்குக் கீழே, லயத்தில், அதே காய்கறி எவ்வாறு சமைக்கப்பட்டது என்பதை எழுதியோரைக் காண்பதரிது.

கீரையாகக் கொள்ளப்பட்ட லீக்ஸ்

தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் லீக்ஸை முன்னர் அறிந்தவரல்லர். அவர்களது சமையல் மரபில் அதற்கென ஓரிடம் இருக்கவில்லை. புதிய பொருளொன்று ஒரு சமூகத்தின் உணவிற் சேரும்போது, அச்சமூகம் ஏற்கெனவே அறிந்த ஏதேனுமொரு வகையினுள் அதனை அடக்கியே ஏற்றுக்கொள்ளும். ஐரோப்பியர் லீக்ஸைத் தண்டாகக் கண்டனர். தொழிலாளர் வீட்டுப் பெண்கள் அதனைக் கீரையாகக் கண்டனர் என்று கொள்வதற்கு இன்றுவரை நிலவும் சமையல் முறையே சான்றாகும். முருங்கையிலையையும் முளைக்கீரையையும் அரிந்து சுண்டிய கைகள், லீக்ஸின் பச்சை இலையையும் அவ்வாறே அரிந்தன.

இலங்கையின் எப்பகுதியிலும் லீக்ஸின் பச்சை இலையை எறிந்துவிட்டு வெண்டண்டை மட்டும் சமைக்கும் வழக்கம் இல்லை. நுனியிற் காய்ந்த பகுதியையும் வேரையும் நீக்கிய பின் எஞ்சியது முழுவதும் சட்டிக்குச் செல்லும். சந்தையில் நீண்ட பச்சை இலைகளோடு கட்டாக விற்கப்படுவதும் இதனாலேயே. கொழும்பிற் பிறந்து அவுஸ்திரேலியாவிற் குடியேறிய சார்மேன் சொலமன் 1976 இல் வெளியிட்ட ஆசியச் சமையல் நூலில், சிங்கள மக்களின் ‘லீக்ஸ் மிரிசட்ட’ என்னும் கறிக்கு வெண்பகுதியோடு பச்சை இலையையும் சேர்த்துக்கொள்ளுமாறு கூறுகின்றார். வெண்டண்டை மட்டும் பயன்படுத்திப் பழகிய மேலைநாட்டு வாசகருக்கு இது எடுத்துரைக்கப்பட வேண்டியதாயிற்று. இலங்கை வாசகருக்கோ அக்குறிப்புத் தேவையற்றது.

இம்மாற்றத்தைத் தமிழ்த் தொழிலாளர் மட்டுமே நிகழ்த்தினர் என்று கொள்ளுதல் தவறாகும். ஊவாவிலும் வெலிமடைப் பகுதியிலும் மரக்கறிச் செய்கையில் ஈடுபட்ட சிங்களக் கிராமத்தவர் இலைகளை அரிந்து தேங்காய்ப்பூவோடு கிளறும் ‘மல்லும்’ மரபினர். யாழ்ப்பாணத்தவருக்கு ‘வறை’ இருந்தது. மலையகத்தவருக்குச் சுண்டல் இருந்தது. மூன்று மரபுகளும் இலையுணவை மதித்தவை. ஆகவே அவை லீக்ஸை ஒரே திசையில் மாற்றியமை வியப்பன்று.

மூன்று அடுப்புகள், மூன்று சுவைகள்

ஒவ்வோர் அடுப்பும் தனக்குக் கிட்டிய பொருளுக்கேற்ப லீக்ஸைச் சமைத்தது. லயத்து அறை சுமார் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவினது. சமையல் பெரும்பாலும் இஸ்தோப்பிலோ அறையின் ஒரு மூலையிலோ நடந்தது. கவ்வாத்துச் செய்த தேயிலையின் மிலாறே விறகு. தேங்காய் கீழ்நாட்டிலிருந்து வரவேண்டிய பொருளாதலால் சிக்கனமாகச் செலவிடப்பட்டது. விடிகாலையில் மலைக்கு ஏறி மாலையில் திரும்பும் பெண்ணுக்குச் சமையலுக்குக் கிடைத்த நேரமும் குறைவு. இந்நிலையில், பச்சை இலையை நூல்போல் மெல்லியதாக அரிதல் வெறும் அழகுக்காக அன்று. கடின இலை விரைவில் வேகுவதற்கும் விறகு மிஞ்சுவதற்கும் அதுவே வழி. சிறிதளவு எண்ணெயிற் கடுகும் செத்தல் மிளகாயும் தாளித்து, அரிந்த லீக்ஸைக் கொட்டி, நீர் விடாமல் மூடினால் அது தன் நீரிலேயே வெந்துவிடும். நெத்தலிக் கருவாடு இருப்பின் முதலில் அதனைப் பொரித்துப் பின்னர் சேர்ப்பர். கருவாட்டின் உப்புக் கறியில் இறங்குமாதலால் உப்பை இறுதியில் சுவை பார்த்தே இடுவர். உருளைக்கிழங்கைச் சிறு துண்டுகளாக வெட்டி லீக்ஸோடு பிரட்டுவதும் மலையக வழக்கே. ஐரோப்பாவிற் சூப்பிற் கூடிய இரு பயிர்களும் நுவரெலியாவிற் சட்டியிற் பிரட்டலாகக் கூடின. ஒரே குளிரிலும் ஒரே மண்ணிலும் விளைவன ஒரே பாத்திரத்திற் சேருதல் இயல்பன்றோ!

கோதுமை மாவின் வருகை இன்னொரு முறைக்கு வழிவகுத்தது. 1942 இல் பர்மா யப்பானியர் வசமானதும் இலங்கைக்கு வந்த அரிசி தடைப்பட்டது. அக்காலத்திற் பங்கீட்டு உணவாகப் பரவிய கோதுமை மா, தோட்ட மக்களின் உணவில் நிலையான இடத்தைப் பெற்றது. மாவைப் பிசையும்போதே மெல்லியதாக அரிந்த லீக்ஸையும் பச்சை மிளகாயையும் உப்பையும் சேர்த்துத் தட்டிச் சுடும் உரொட்டிக்குத் தனிக் கறி வேண்டுவதில்லை. கொழுந்து பறிக்கச் செல்வோர் துணியிற் சுற்றி எடுத்துச் செல்லத்தக்கது அது. இன்று நகரக் கடைகளில் விற்கப்படும் மரக்கறி உரொட்டியிலும் கொத்துரொட்டியிலும் லீக்ஸ் தவறாது இடம்பெறுகின்றது.

யாழ்ப்பாணத்து அடுப்பில் நிலைமை வேறு. புகையிரதப் பாதை 1885 இல் நானு ஓயாவை எட்டியது. 1904 இல் சிறுபாதையொன்று கந்தப்பளை வழியாக இராகலை வரை சென்றது. 1905 இல் வடபகுதிப் பாதை காங்கேசன்துறையை அடைந்தது. இவற்றால் மலைநாட்டு மரக்கறி யாழ்ப்பாணத்தை அடைதல் எளிதாயிற்று. தேங்காய் தாராளமாகக் கிடைத்த அங்கு லீக்ஸ் வறையாயிற்று. அரிந்த இலையையும் தண்டையும் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், மஞ்சள், உப்பு ஆகியவற்றோடு தாச்சியிலிட்டு வதக்கி, ஈரம் வற்றும் தறுவாயில் தேங்காய்ப்பூவைத் தூவிக் கிளறி இறக்குவர். தேங்காய்ப்பூ நெடுநேரம் நெருப்பில் நின்றால் அதன் இனிமை கெடும். நீண்ட நேரம் மூடி வைத்தால் இலையின் பசுமை மங்கும். தேசிக்காய்ப் புளியை நெருப்பிலிருந்து இறக்கிய பின்னரே விடுவர். மைசூர்ப் பருப்பில் லீக்ஸைச் சேர்த்துப் பாற்கறியாக்குவதும் அங்கு உண்டு. வடக்கின் வெங்காயமும் மலைநாட்டின் லீக்ஸும் ஒரே தாச்சியிற் சேர்வதில் இரு தமிழ் நிலங்களின் உழைப்பும் கலந்துள்ளது. வடபகுதிப் புகையிரதச் சேவை 1990 இல் தடைப்பட்டு, யாழ்ப்பாண நகர் வரை 2014 இலேயே மீண்டது. பாதை மூடப்பட்டால் ஒரு நிலத்தின் விளைபொருள் மற்றைய நிலத்தின் அடுப்பை எளிதில் எட்டாது. அவ்வகையில் சமையலின் வரலாறு பாதைகளின் வரலாறுமாகும்.

சிங்கள இல்லங்களின் மிரிசட்ட முறையில் மாசித்தூளும் மிளகாய்த்தூளும் முதன்மை பெறுகின்றன. எண்ணெயில் லீக்ஸை இட்டு, மஞ்சளும் மிளகாய்த்தூளும் மாசியும் சேர்த்து, மெல்லிய நெருப்பில் அரைமணி நேரம் வரை வைப்பர். சட்டி நிறைந்திருந்த இலை பாதிக்கும் கீழாகச் சுருங்கும். நெருப்பைக் கூட்டினால் இலை கருகிக் கசக்கும். பொறுத்திருந்தால் இனிக்கும்.

இவ்வினிமைக்குரிய காரணத்தை இரசாயனம் விளக்குகின்றது. லீக்ஸை வெட்டும்போது அதன் கலங்கள் சிதைந்து, அவற்றுள் உள்ள நொதியம் கந்தகச் சேர்வைகளைத் தாக்குவதாற் காரமணம் எழுகின்றது. வெப்பம் அந்நொதியத்தின் செயலை அழித்துவிடும். காரம் தணிய, இயல்பாகவே உள்ள வெல்லங்களின் இனிமை மேலோங்கும். மிளகாயின் உறைப்பும் மாசியின் அல்லது கருவாட்டின் உப்பும் தேசிக்காயின் புளிப்பும் அவ்வினிமையைச் சமன்செய்கின்றன. வெள்ளைச் சோஸ் லீக்ஸின் மென்மையை மேலும் மென்மையாக்கியது. இலங்கை அடுப்புகளோ அதற்கு எதிரான சுவைகளை நிறுத்தி அதன் இனிமையைத் துலங்கச் செய்தன. நொதியத்தின் பெயரை அறியாத பெண்கள் அதன் இயல்பை நெருப்பின் அளவால் அறிந்திருந்தனர்.

விளைத்தவரும் உண்டவரும்

சுவையின் வரலாற்றைக் கூறும்போது பசியின் வரலாற்றை மறத்தல் தகாது. 1948 இன் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரிற் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியது. 1964 இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டு, 1,50,000 பேரின் நிலையைப் பின்னர் தீர்மானிப்பதற்கென விட்டது. 1967 இல் உருளைக்கிழங்கு இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது மலைநாட்டு மரக்கறி நிலத்தின் பெறுமதி உயர்ந்தது. ஆனால் லயத்தில் வாழ்ந்தோருக்கு அந்நிலம் சொந்தமன்று. துரையின் அல்லது நிருவாகத்தின் அனுமதியோடு லயத்தின் ஓரத்திற் கொத்திய சிறு பாத்தியே அவர்களுக்குக் கிட்டியது. 1973, 1974 ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களைக் கடுமையாகத் தாக்கியது. தோட்டப்புறங்களில் இறப்பு வீதம் உயர்ந்தது. அரிசியும் மாவும் இல்லாதவிடத்து இலைக்கறி மட்டும் பசியாற்றாது. நாட்டின் மேசைகளுக்கு மரக்கறி சென்ற மலைகளிலேயே மக்கள் பட்டினி கிடந்தனர் என்பது இவ்வரலாற்றின் கசப்பான பக்கமாகும்.

பச்சை இலையை வீசாது சமைத்த வழக்கத்தையும் இப்பின்னணியிலேயே மதிப்பிடுதல் வேண்டும். அதனை வறுமையின் கட்டாயம் என்று மட்டும் கூறிவிடுதல் எளிது. வசதியுள்ள இல்லங்களிலும் இன்று அதே முறை பின்பற்றப்படுவதால் அவ்விளக்கம் போதாது. கட்டாயம் தொடக்கமாக இருந்திருக்கலாம். சுவையே அதனை நிலைக்கச் செய்தது. இலையின் அழுத்தமான மணமும் தண்டின் இனிமையும் சேரும்போது பெறப்படும் சுவை, தண்டு தனித்து நின்றாற் கிட்டாது. இல்லாமையினூடே ஒரு சமூகம் கண்டடைந்த அச்சுவையை முழு நாடும் தனதாக்கிக்கொண்டது.

முடிவுரை

லீக்ஸை இந்நாட்டிற் பயிரிட்ட பெருமையைக் குடியேற்றவாசிகளுக்கு வழங்குவதில் தவறில்லை. ஆயினும் விதை ஊன்றியதாலேயே ஒரு பயிர் ஒரு நாட்டினதாகிவிடாது. பங்களாத் தோட்டத்தில் அது ஆங்கிலேயரின் ஏக்கத்தைத் தணித்த அந்நியப் பயிராகவே இருந்தது. அரிவாளும் அகப்பையும் ஏந்திய பெண்களின் கைகளிலேயே அது இந்நாட்டுக் கறியாயிற்று. பேக்கரின் பண்ணையைப் பற்றி அவரது நூலே சான்று கூறுகின்றது. லீக்ஸைக் கீரையாக்கிய முதற்பெண்ணின் பெயரோ எந்த ஏட்டிலும் இல்லை. அவள் ஒருத்தியல்லள், பலர். அவர்களது சாதனை நாள்தோறும் உண்ணப்பட்டுவிட்டமையால் பதிவின்றிப் போயிற்று.

மலையக வரலாற்றை ஆராய்வோர் ஒப்பந்தங்களையும் சட்டங்களையும் கூலிப் பட்டியல்களையும் தேடிக் கற்கின்றனர். அவை இன்றியமையாதன. அவற்றோடு, லயத்து அடுப்படியில் எஞ்சியிருக்கும் அறிவையும் கேட்டு எழுதுதல் வேண்டும். எவ்விலையை எவ்வளவு மெல்லியதாக அரிந்தனர், எவ்விறகில் எவ்வளவு நேரம் வைத்தனர், எந்த ஆண்டில் எது கிடைக்கவில்லை என்பனவற்றை முதியோர் இன்றும் கூறவல்லர். அவர்கள் மறையுமுன் அச்செய்திகள் எழுத்திற் பதியப்படுமாயின், துரைமாரின் நூல்கள் எழுதாது விட்ட பக்கங்கள் நிரப்பப்படும்.